படகின் அடியில் போடும் துளைக்கு யார் பொறுப்பு?

விசைப்படகுகளின் மேல்தளத்தில் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ் ஆகியவற்றோடு இப்போது, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்ப இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி, 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களின் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் சுமார் 360 கோடி ரூபாய் செலவில் இந்தக் கருவி பொருத்தப்படுகிறது. மீனவர் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. வரவேற்க வேண்டிய செலவு இது. ஆனால், அரசு தரும் இந்தக் கருவிகள் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பவை. நீர்மட்டத்துக்குக் கீழே, படகின் அடியையே துளைத்துப் பொருத்தப்படும் சென்சார் ஒன்று உண்டு. அது எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர். அதைப் பொருத்துவது இன்றுவரை உரிமையாளரும் மெக்கானிக்கும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் வேலையாகவே இருக்கிறது. அந்தத் துளையைப் படகு கட்டும் வேலையின் ஒரு பகுதியாகக் கருதி, தடைக்கால ஆய்வில் அதையும் பார்க்க வேண்டும். துளை இருக்கும் ஒவ்வொரு அறையிலும், தண்ணீர் ஏறினால் அலறும் இன்னொரு சென்சாரைக் கட்டாயமாக்க வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

எக்கோ சவுண்டர் மீனவர்களுக்குப் புதிதல்ல. மீன் கூட்டத்தை எதிரொலியால் கண்டுபிடிக்கும் கருவியை, தொழிலுக்குப் பயன்படும் வகையில் 1948இல் ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் உருவாக்கினார்கள். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் பீங்கான் வில்லை மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிக் கீழே அனுப்புகிறது. தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பும் ஒலியை அதே வில்லை மீண்டும் மின்துடிப்பாக்கித் திரைக்கு அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு போதும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகிய கற்றையாகப் போய், ஆழம் குறைந்த கடலில் நுணுக்கமாகக் காட்டும். பாக் நீரிணை போன்ற இடத்துக்கு அது பொருத்தம். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி அகலமாக விரிந்து வெகு ஆழம் போகும். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களுக்கு அது வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்த வேலையை இப்போது ஒரு திரை செய்கிறது.

அந்தத் திரை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், டிரான்ஸ்டியூசர் எங்கே, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அது உண்மை பேசும். ஒலிக்கு எதிரி காற்று. நீரிலிருந்து காற்றுக்குள் ஒலி ஏறக்குறைய நுழைவதே இல்லை. எல்லையில் மோதித் திரும்பிவிடும். படகு ஓடும்போது அதன் முன்முனையான அணியம் அலையை வெட்டும் இடத்தில் காற்றுக்குமிழிகள் உண்டாகி, அடிப்பகுதியை ஒட்டியே பின்னோக்கி ஓடுகின்றன. டிரான்ஸ்டியூசரை அணியத்துக்கு மிக அருகில் வைத்தால், படகு துள்ளும்போது அது நீரைவிட்டு வெளியே வரும், குமிழியும் சூழும். மிகவும் பின்னால் வைத்தால் புரொப்பல்லரின் கலக்கலும் இன்ஜினின் அதிர்வும் திரையைப் புள்ளிக்காடாக்கும். விசைப்படகு போல நீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும் படகுக்கு, நீர்க்கோட்டு நீளத்தில் அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பின்னால் உள்ள இடம் நல்லது என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான வழிகாட்டல். அதிலும், புரொப்பல்லரின் இலை கீழ்நோக்கி இறங்கும் பக்கமே சிறந்தது. இலை மேல்நோக்கி ஏறும் பக்கத்தில் நீர் அடிப்பகுதியை நோக்கித் தள்ளப்படுகிறது. அடிப்பலகை சரிவாக இருந்தால், டிரான்ஸ்டியூசரின் முகம் நேர் கீழே பார்க்கும்படி ஆப்புவடிவக் கட்டை ஒன்றைச் சீவி அதன்மேல் பொருத்த வேண்டும். இந்தக் கட்டையைத் தவிர்த்துவிட்டுச் சரிவிலேயே பொருத்தினால் ஒலிக்கற்றை பக்கவாட்டில் போகும். படகுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. திரை மங்கலாகத் தெரிகிறதே என்று உரிமையாளர் இன்னும் அதிக வாட் திறனுள்ள கருவியை வாங்குவார். கோளாறு கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லப் பொறுப்பான ஆள் இல்லை.

துல்லியம் குறைந்தால் நஷ்டம் அன்றைய மீன்பாட்டோடு போகும். துளை தவறினால் படகே போகும். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் மரப்படகு, மரத்தின் மேல் ஃபைபர் பூசிய படகு, முழு ஃபைபர் படகு, இரும்புப் படகு எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. துளை போடும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. மரம் நீரில் ஊறிப் பருக்கும். அதில் பிளாஸ்டிக் கூடுள்ள டிரான்ஸ்டியூசரை இறுக்கினால், மரம் பருத்துக் கூட்டை விரிசல்விட வைக்கும். அங்கே வெண்கலக் கூடுதான் வேண்டும். ஃபைபர் பூசிய மரத்தில் இன்னொரு ஆபத்து: துளையின் உள்விளிம்பில் வெட்டுப்பட்ட மரம் திறந்து கிடக்கும். அதை எபாக்சி பூசி அடைக்காமல் வெறும் சீலன்ட்டை அப்பினால், தண்ணீர் பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லப் பரவும். வெளியே பளபளப்பாக இருக்கும் படகு உள்ளே உளுத்துப்போகும். நடுவில் நுரையோ மென்மரமோ வைத்த ஃபைபர் படகிலும் இதே கதைதான். துளையைச் சுற்றியுள்ள நடுப்பொருளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை எபாக்சியால் கெட்டியாக நிரப்பிய பிறகே டிரான்ஸ்டியூசரை இறக்க வேண்டும். இரும்புப் படகில் வெண்கலக் கூட்டை நேரடியாகப் பொருத்தினால் கடல்நீரில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அரிக்கப்படுவது வெண்கலம் அல்ல, துளையைச் சுற்றியுள்ள இரும்பு. படகு கட்டும் நல்ல ஓடாவிக்கு மரத்தின் குணம் தெரியும். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நல்ல எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குக்கு ஒயரும் திரையும் தெரியும். துளை இந்த இருவரின் வேலைக்கும் நடுவில் விழுகிறது.

அந்தத் துளை எவ்வளவு பெரியது? பரவலாகப் பயன்படும் டிரான்ஸ்டியூசர்களின் தண்டுக்கு 2 அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை வேண்டும். அது நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடு உடைந்து துளை முழுவதும் திறந்துகொண்டால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம்: துளையில் நீரோட்டம் சுருங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 4 லிட்டர். நிமிடத்துக்கு 240 லிட்டர். பத்து நிமிடத்தில் 2 டன்னுக்கும் அதிகம். மணிக்கு 2,000 அமெரிக்கக் கேலன் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மின்பம்பு, எந்தத் தடையும் இல்லாமல் ஓடினாலும் நிமிடத்துக்கு 126 லிட்டர்தான் இறைக்கும். தண்ணீரை மேலே தூக்க வேண்டியிருப்பதாலும், குழாய் வளைவதாலும், பேட்டரி இறங்குவதாலும் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இறைக்கும். ஆகவே முழுத் துளை திறந்தால் பம்பு தோற்கும். மிஞ்சுவது நேரம் மட்டுமே. முதல் சில நிமிடங்களில் தெரிந்தால் துளையில் மரக்கட்டையையோ துணிப்பந்தையோ அடித்து இறுக்கலாம். இன்ஜின் நின்று, தளப்பலகைக்கு மேல் தண்ணீர் வந்த பிறகு தெரிந்தால், துளை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படி ஒரேயடியாக உடைவதைவிட, சொட்டுச் சொட்டாகத் தொடங்கும் கசிவே அதிகம் ஏமாற்றும். மிதவைச் சுவிட்ச் வைத்த தானியங்கிப் பம்பு இருக்கும் படகில் கசிவு வெளியே தெரியாது. பம்பு தானாக ஓடும், தானாக நிற்கும். புரொப்பல்லர் தண்டு வெளியேறும் சாஃப்ட் கிளாண்டில் சொட்டும் வழக்கமான நீர்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வலைநூலோ டீசல் பிசுக்கோ மிதவையைச் சிக்கவைக்கும் இரவில்தான் உண்மை தெரியும். அதனால் பம்பை இயக்கும் சுவிட்சும் எச்சரிக்கும் சென்சாரும் ஒன்றாக இருக்கக் கூடாது. எச்சரிக்கை சென்சார், பம்பு ஓடத் தொடங்கும் மட்டத்துக்குச் சற்று மேலே, தனி ஒயரில், மெயின் சுவிட்சை அணைத்தாலும் பேட்டரியோடு இணைந்திருக்கும்படி வேண்டும். அசையும் பாகமே இல்லாமல், நீர் தொட்டதை மின்னணு முறையில் அறியும் வகைகள் சந்தையில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு மிதவையைப் பிடித்துக்கொள்ளும் தொல்லை அவற்றில் இல்லை. அலாரம் டீசல் இன்ஜின் சத்தத்தையும் மீறி டிரைவர் அறையில் கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எதுவும் டிரான்ஸ்பாண்டர் போல விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல. எந்தத் துறைமுக ஊரிலும் செய்யக்கூடிய வேலை.

வேறு நாடுகள் இதை எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிகள், கரையிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் தொழில் செய்யும் 36 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிப் படகுகளில், ஆட்கள் வழக்கமாக இருக்காத அறைகளில் நீர் உயர்ந்தால் டிரைவர் இடத்தில் ஒலியும் ஒளியும் காட்டும் அலாரம் இருக்க வேண்டும் என்கின்றன. எந்த அறைகள் என்று பட்டியலிடும் இடத்தில் முதலாவதாக வருவது, நீர்க்கோட்டுக்குக் கீழே படகின் உடலைத் துளைத்த பொருத்துகை உள்ள அறை. துளை போடுகிறவர் அந்தத் துளைக்குக் காவலும் போட வேண்டும் என்ற எளிய தர்க்கம் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் கருவிகள் வந்த வரலாறு வேறு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தியே கரைக்கு நெருங்கினார்கள். அதன் பிறகு எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று அறிவது பாதுகாப்புக் கேள்வி ஆனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அதில் பலர் இறந்த பிறகு செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பு அவசரம் ஆனது. இரண்டு தேவைகளும் நியாயமானவை. ஆனால் இரண்டிலும் படகு என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்ற கேள்விக்கு டிரான்ஸ்பாண்டரிடம் பதில் இல்லை. அதிலுள்ள ஆபத்துப் பொத்தானை அழுத்த வேண்டியவர் மனிதர். அவருக்குத் தன் காலடியில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். மூழ்கத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து அழுத்தப்படும் பொத்தான் உதவியை அழைக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் ஒலிக்கும் அலாரம் படகையே காப்பாற்றும் வாய்ப்பைத் தரும். இலவசமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை மறப்பது அரைப் பாதுகாப்பு.

இதற்குப் புதிய துறையோ புதிய அதிகாரியோ தேவையில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. படகுகள் கரையேறி, அடிப்பகுதி காய்ந்து, கண்ணுக்குத் தெரியும் காலம் இதுதான். பெயின்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதும் இப்போதுதான். இதே நாள்களில் மீன்வளத் துறைக் குழுக்கள் விசைப்படகுகளை நேரடி ஆய்வு செய்கின்றன: பதிவு எண், நிறம், இன்ஜினின் குதிரைத்திறன், உயிர்காப்புக் கருவிகள், தகவல்தொடர்புக் கருவிகள். அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் சேரட்டும். படகின் உடலில் நீர்க்கோட்டுக்குக் கீழே எத்தனை துளைகள், ஒவ்வொன்றிலும் என்ன பொருத்தப்பட்டிருக்கிறது, யார் பொருத்தினார் என்பது ஒன்று. அந்த அறைகளில் அலாரம் வேலை செய்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது மற்றொன்று. படகு நீரில் இறங்கியதும், சில மணி நேரம் கழித்தும், துளையைச் சுற்றிக் கசிவு பார்க்கப்பட்டதா என்பதை உரிமையாளர் எழுதித் தரலாம்.

“இத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், எந்தப் படகு இதனால் மூழ்கியது?” என்று துறைமுகத்தில் கேட்பார்கள். அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூழ்கிய படகு சாட்சி சொல்லாது. கடலடியில் கிடக்கும் படகை மேலே கொண்டுவந்து, எந்தத் துளையில் தண்ணீர் வந்தது என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை; “கடல் சீற்றத்தில் மூழ்கியது”, “அடிப்பலகை உடைந்து நீர் புகுந்தது” என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகிறது. காரணம் பதிவாகாததை, காரணமே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த ஆட்சேபணை கனமானது. ஒவ்வொரு புதிய விதியும் மீனவருக்குப் புதிய அலைச்சல், புதிய கையூட்டு வாசல் என்பது பட்டறிவு. ஆய்வைக் காட்டாத படகுக்கு வரிவிலக்கு டீசல் நிறுத்தப்படும் என்ற அச்சம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் இதைத் தண்டனை இல்லாத பதிவாக மட்டும் வைக்க வேண்டும். பணமும் மீனவர் தலையில் விழக் கூடாது. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம், சிறு படகுகளுக்கான பாதுகாப்புக் கருவிகளுக்கும் தகவல்தொடர்புக் கருவிகளுக்கும் உதவி தருகிறது. பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு என்ற மானியக் கணக்கு அதில் பழக்கமானதே. நீர் எச்சரிக்கை சென்சாரையும் பொருத்துகூலியையும் அதற்குள் கொண்டுவருவது, பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பதைவிடப் பெரிய வேலை அல்ல. பொருத்துகூலியை அழுத்திச் சொல்கிறேன். கருவிக்கு மானியம் கொடுத்து, பொருத்துவதற்குப் பணம் கொடுக்காத திட்டத்தில் மலிவான கை துளை போடும்.

துளையே வேண்டாமே, டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளேயே ஒட்டிவிடலாமே என்று தொழில்நுட்பம் அறிந்தவர்கள் கேட்கலாம். கெட்டியான, ஒரே அடுக்கு ஃபைபர் அடியில் இது நன்றாகவே நடக்கும். வயிற்று ஸ்கேனில் கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இல்லாதபடி களிம்பு தடவுவது போல, எபாக்சியிலோ திரவம் நிரப்பிய சிறு தொட்டியிலோ டிரான்ஸ்டியூசரை அமர்த்தினால் ஒலி ஃபைபரைக் கடந்து போகும். கொஞ்சம் வலுவிழக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட படகுகளில் இதையே முதல் வழியாகப் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் மரத்துக்குள் காற்று இருக்கிறது. நடுவில் நுரை வைத்த ஃபைபரிலும் இருக்கிறது. இரும்புத் தகட்டைக் கடந்து இப்படி ஒலியை அனுப்புவதும் நம்பத்தக்கதல்ல. மீன்பிடித் துறைமுகங்களில் நிற்கும் மரப்படகுகளுக்கும் இரும்புப் படகுகளுக்கும் துளைதான் வழி. அதனால்தான் துளையை ஒழுங்காகப் போடுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கடலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் ஆட்சேபணையை நான் லேசாகக் கடக்க விரும்பவில்லை. எக்கோ சவுண்டர் மீனைத் தேடிப் பிடிக்கும் வலிமையைக் கூட்டுகிறது; இழுவைமடியோடு சேரும்போது ஏற்கெனவே வற்றிவரும் வளத்தை இன்னும் வேகமாக வழித்தெடுக்கும். அரசுப் பணம் அந்த வலிமைக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடே. அதனால்தான் எக்கோ சவுண்டருக்கு மானியம் கேட்கவில்லை. அதற்கான துளைக்குக் காவலும் அலாரமும் கேட்கிறேன். அந்தக் கருவி ஏற்கெனவே படகில் இருக்கிறது, யாரும் கழற்றிவைக்கப் போவதில்லை. அதோடு, ஆழம் காட்டும் கருவி மீன் தேட மட்டும் அல்ல. கடலடிப் பாறைத்திட்டான பாரில் வலை சிக்கிக் கிழிவதையும், ஆற்று முகத்துவார மணல்மேட்டில் படகு தட்டுவதையும் அதே திரைதான் தடுக்கிறது.

மீன் அறையில் பனிக்கட்டி உருகி எப்போதும் தண்ணீர் இருக்குமே, அலாரம் ஓயாமல் கத்தாதா என்ற கேள்வி நடைமுறை தெரிந்தவர்களிடமிருந்து வரும். ஓயாமல் கத்தும் அலாரத்தின் ஒயரை இரண்டாம் நாளே பிடுங்கிவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆகவே துளை இல்லாத மீன் அறையில் அதை வைக்கத் தேவையில்லை. இன்ஜின் அறையிலும், டிரான்ஸ்டியூசர் இருக்கும் அறையிலும், படகு பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் என்பதால் அறையின் பின்மூலையில், அலை புரட்டும்போது ஒரு முறை நனைந்தால் ஒலிக்காமல் சில நொடிகள் தொடர்ந்து நனைந்தால் மட்டும் ஒலிக்கும்படி வைக்க வேண்டும். எந்த உயரம் என்பதை ஒவ்வொரு துறைமுகத்திலும் டிரைவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதே முறை. சென்னையில் எழுதும் அரசாணை அதைச் சொல்ல முடியாது. வெளிப்பொருத்து மோட்டாரில் ஓடும் திறந்த ஃபைபர் வள்ளங்களுக்கு இந்த விதி எதுவும் வேண்டாம். பின்பலகையின் வெளிப்புறத்தில் திருகி மாட்டும் டிரான்ஸ்டியூசர் அவற்றுக்குப் போதும். அங்கே கவனிக்க வேண்டியது திருகாணித் துளைகளில் சீலன்ட் இருக்கிறதா, கரையில் இழுக்கும்போது மணலில் உரசி உடையாத உயரத்தில் இருக்கிறதா என்பது மட்டுமே.